இப்பதான் சாப்பிட்டு வந்தனான்

திருகோணமலையில் மான்கள் தெருவில் திரிகின்றன என்று வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். மானில் அப்படி என்ன இருக்கிறது? வாழைப்பழத் தோலை நீட்டினால் தின்னும். இன்னும் நீட்டினால் இன்னும் தின்னும். எங்கள் ஊரில் அதைவிட விசித்திரமான சீவன் ஒன்று கலியாண வீடு, புது வீட்டுக் குடிபூரல், பள்ளிக்கூட விழா என்று மேசைக்கு மேசை திரிகிறது, அதை ஒருவரும் படம் பிடிப்பதில்லை. வயிறு ஒட்டிப்போய் வரும். கதிரையில் இருத்திச் சாப்பாட்டை முன்னால் வைத்தால் கையை உயர்த்தி, "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டு வந்தனான்" என்று சொல்லும். அந்தச் சீவனைத்தான் இன்றைக்கு உங்களுக்குக் காட்டப்போகிறேன்.

விருந்து நாளன்று காலையிலேயே இவர், "எனக்கு இடியப்பம் அவிக்காதை, மத்தியானம் அங்கை சாப்பாடு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு வெளிக்கிட்டு, கொதிக்கிற வெயிலில் நடந்து, விருந்து வீட்டுப் படலையிலேயே கறி வாசத்தை மூக்கால் பாதி சாப்பிட்டு முடித்து, உள்ளே போய் இருந்ததும் முதல் வேலையாகத் தான் சாப்பிட்டு வந்துவிட்டதாக அறிவிப்பார். இது பொய்யா? பொய் என்றால் கேட்கிறவர் நம்ப வேண்டும். இதை யாரும் நம்புவதில்லை. நம்பக்கூடாது என்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் உள்ள ஏற்பாடு.

முதல் வேண்டாம் தலையாட்டலோடு வரும். விருந்து வீட்டுக்காரி "அதெப்படி?" என்று கரண்டியைக் கிட்டக் கொண்டுவருவாள். இரண்டாவது வேண்டாமுக்கு உள்ளங்கை சாப்பாட்டுப் பீங்கானை மூடும். அப்போது விரல்களைக் கவனியுங்கள். சோற்றுக் கரண்டி ஒன்று தாராளமாக நுழைகிற அளவுக்கு அவை விரிந்திருக்கும். மூன்றாவது தரம் கேட்டதும், "சரி, உங்கட மனம் நோகக்கூடாது, ஒரு சொட்டுப் போடுங்கோ" என்று கை விலகும். சொட்டு என்பது எங்கள் பகுதியில் பீங்கானின் விளிம்பு வரைக்கும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவரிடம் பறக்காமல் பதினோராவதாக ஒன்று இருக்கும், அதுதான் இந்த வேண்டாம்.

இவர் வீட்டுக்கு நீங்கள் விருந்தாளியாகப் போனால் இன்னும் ஆபத்து. உங்கள் வேண்டாமையும் தன்னுடைய வேண்டாம் மாதிரியே எடுத்துக்கொள்வார். சீனி வருத்தக்காரருக்கும் பாயாசம் வார்ப்பார், வயிற்றோட்டக்காரருக்கும் பலாப்பழம் வெட்டுவார். நீங்கள் உண்மையிலேயே கெஞ்சினால், "சும்மா கூச்சப்படாதையுங்கோ" என்று இன்னொரு கரண்டி விழும்.

நான் இந்த இனத்தைச் சேர்ந்தவள் இல்லை. பந்திக்கு முந்துகிற ஆள். கேட்டால் ஓம் என்பேன், கேட்காவிட்டால் நானே கேட்பேன். அதனால் எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர் இல்லை. ஆனால் வயிறு நிறைந்திருக்கிறது. நிறைந்த வயிற்றோடுதான் மற்றவர்களை நிதானமாகக் கவனிக்க முடியும்.

இந்த இனத்தின் தலைமகன் எங்கள் பாக்கியரத்தினம் அண்ணை. துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருவில் இருக்கிற பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத் தலைவர். அவருடைய வேண்டாம் சாப்பாட்டோடு நிற்பதில்லை. பஸ்ஸில் யாராவது எழும்பி இடம் கொடுத்தால், "வேண்டாம், நான் இந்தா இறங்கப்போறன்" என்று நிலாவெளி வரைக்கும் நின்றுகொண்டே போவார். மழைக்குக் குடையைக் கொடுத்தால் வேண்டாம் என்று நனைவார்.

அவர் பெருமையாகச் சொல்கிற கதை ஒன்று இருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து, எல்லோருக்கும் முன்னால், "இந்தப் பகுதிக்கு நீங்கள் பொறுப்பாக வருகிறீர்களா?" என்று இவரைக் கேட்டாராம். இவர் கைகட்டி நின்று, "எனக்கேன் சேர், என்னைவிடத் தகுதியான ஆக்கள் இருக்கினம்" என்றாராம். கொழும்புக்காரருக்கு எங்கள் ஊர்க் கணக்குத் தெரியாது. என்ன அடக்கமான மனிதர் என்று கையைக் குலுக்கிவிட்டு, பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். அவர் "சந்தோசம் சேர்" என்றார். கதை முடிந்தது. அண்ணை இதைப் பதவி ஆசை இல்லாததற்கு உதாரணமாகச் சொல்வார். அவருடைய மனைவி இதே கதையை வேறு குரலில் சொல்வா.

இனிப் பள்ளிக்கூடத்துக்குள் போவோம். அங்கே உயர்தரத் தொழிற்பாடப் பிரிவில் உணவு, போசணை, விருந்தோம்பல் என்று படிப்பிக்கிறார்கள். சமைக்கப் படிக்கப் பள்ளிக்கூடமா, எங்கள் குசினியில் இல்லாத குசினியா என்று சிரித்தவர்கள், நிலாவெளி ஹோட்டல்கள் அந்தப் பிள்ளைகளைத் தேடி வரத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்தினார்கள். சுலோஜனா ரீச்சர்தான் பொறுப்பு. சோற்றையும் பருப்பையும் சேர்த்தால் புரதம் எப்படி நிறைவாகிறது, முருங்கையிலையில் இரும்பு எவ்வளவு, சூப்பை எந்தப் பக்கத்தால் வைப்பது, வெறும் பீங்கானை எந்தப் பக்கத்தால் எடுப்பது எல்லாம் அவ நித்திரையிலும் சொல்லுவா.

அவவின் வகுப்புச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு விதி தொங்குகிறது: விருந்தினரின் முதற் பதிலை மதிக்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது. அது அங்கே வந்ததற்குக் காரணம் அந்த வகுப்பில் படித்த பஸ்லான் என்ற பெடியன். போன வருடம் ஹோட்டல் பயிற்சிக்குப் போன பஸ்லான், ஒரு வெள்ளைக்காரம்மா போதும் என்று கையைக் காட்ட, எங்கள் வழக்கப்படி அதை முதல் வேண்டாமாக எடுத்துச் சோற்றைப் போட்டான். அவ இன்னும் பலமாகக் கையைக் காட்ட, இரண்டாவது வேண்டாம் என்று கறியை வார்த்தான். மூன்றாவது கரண்டியோடு அவன் போனபோது அம்மா மேசையை விட்டு எழும்பி அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டா. ஹோட்டல்காரர்கள் ரீச்சரைக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். அடுத்த நாளே சுவருக்கு விதி வந்தது. பிள்ளைகள் அதைக் காலையில் கோரஸாகச் சொன்னார்கள்.

இந்த வருடச் செயன்முறைப் பரீட்சை, வந்த விருந்தினருக்குப் பரிமாறிக் காட்டுவது. அதில் எங்கள் மேசை இன்ஷிராவுக்குக் கிடைத்தது. இன்ஷிரா கிண்ணியாப் பிள்ளை. வாப்பா அபூதாஹிர் கடலுக்குப் போகிறவர். நன்றாகச் செய்கிற ஒரே ஒரு பிள்ளைக்கு நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் பயிற்சியும் அதற்குப் பிறகு வேலையும் என்று சொல்லியிருந்தார்கள். அபூதாஹிர் மகளிடம் முடிவாகவே சொல்லிவிட்டார்: "அந்த இடம் கிடைச்சாப் போங்க மகள். கிடைக்காட்டிப் படிச்சது காணும், மாமிட தையல் கடையில இருங்க." தையல் கடையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்ஷிராவுக்கு ஊசியில் நூல் கோர்ப்பதென்றாலே அழுகை வரும்.

எங்கள் மேசையில் மூன்று பேர். பிரதம அதிதி பாக்கியரத்தினம் அண்ணை. பெற்றோர் சார்பில் அபூதாஹிர். மூன்றாவது நான். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள். கதிரைகளை என் வீட்டிலிருந்துதான் எடுத்தார்கள், அதில் ஒன்றில் நானே இருந்துகொண்டேன். பரீட்சகர் நிப்றாஸ், அந்த ஹோட்டலின் சாப்பாட்டுப் பகுதிக்குப் பொறுப்பானவர், பேனாவோடு அலுமாரி ஓரமாக நின்றார். பக்கத்து மேசைக்குக் கீர்த்தனி என்ற பிள்ளை பரிமாறினாள். அவளும் கெட்டிக்காரிதான். யன்னலுக்கு வெளியே துறைமுகம் வெயிலில் மினுங்கியது. யன்னலுக்குக் கீழே இரண்டு மான்கள் மரக்கறித் தோலுக்காகக் காத்து நின்றன.

இன்ஷிரா வெள்ளைச் சட்டையும் கறுப்பு ஏப்ரனுமாகத் தட்டத்தோடு வந்தாள்.

"தேசிக்காய்த் தண்ணி எடுக்கிறீங்களா ஐயா?"

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

"நல்லது ஐயா."

தட்டம் போய்விட்டது. பாக்கியரத்தினம் அண்ணையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படியில் கால் வைக்கப் போனவருக்கு அங்கே படி இல்லாதது மாதிரி. பிறகு, தண்ணிதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.

சூப் வந்தது. மரக்கறிச் சூப், மேலே மிளகுத்தூள்.

"சூப் எடுக்கிறீங்களா ஐயா?"

"எனக்கேன் பிள்ளை, மற்றாக்களுக்குக் குடுங்கோ." இந்த முறை குரல் கொஞ்சம் தளர்வாக, இன்னொரு தரம் கேட்க வசதியாக இருந்தது.

"நல்லது ஐயா."

நான் என்னுடைய சூப்பைக் குடித்தேன். அபூதாஹிர் குடிக்கவில்லை. பெரியவர் கை வைக்காத மேசையில் முந்திக் கை வைக்கிறது எப்படி என்று கரண்டியைத் தொட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய சூப் ஆறியது. மகள் ஒரு பெரிய மனிதரை இரண்டு தரம் வெறுங்கையோடு விட்டுவிட்டாள் என்ற வெட்கம் அவர் கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது. புருவத்தால் சாடை காட்டினார். நாடியால் காட்டினார். கடைசியில் இருமினார்.

அந்த இருமலுக்கு அர்த்தம் என்ன என்று இன்ஷிராவுக்குத் தெரியாதா? அவளுடைய வீட்டில் வேண்டாம் என்று சொன்ன ஒருவரை வெறும் வயிற்றோடு அனுப்பிய வரலாறே கிடையாது. ஆனால் அலுமாரிக்குப் பக்கத்தில் பேனா நின்றது. அவள் குசினிக்குள் போய் ஒரு கிளாஸ் சுடுதண்ணியோடு வந்து, "இருமலுக்கு நல்லம், குடிங்க வாப்பா" என்று மரியாதையாக வைத்தாள். நிப்றாஸ் தலையாட்டி எதையோ எழுதினார்.

பிறகு சாப்பாடு வந்தது. சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பருப்பு, அபூதாஹிரின் வள்ளத்தில் வந்த பாரை மீனில் புளி விட்டு வைத்த ஆணம். அந்த ஆணத்தின் வாசத்துக்கு யன்னலடி மான்களே தலையைத் தூக்கின. பாக்கியரத்தினம் அண்ணையின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. காலையில் இடியப்பம் வேண்டாம் என்று சொன்ன வயிறு அது.

"சோறு வைக்கட்டா ஐயா?"

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. ஓம் என்று சொல்லித் தொலையுங்கள் மனிதரே என்று மனதுக்குள் கத்தினேன். அவரும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஒரு வாழ்நாள் பழக்கம் ஒரு மத்தியானத்தில் போகுமா? உள்ளங்கை தானாகப் போய்ப் பீங்கானை மூடியது. விரல்கள் விரிந்துதான் இருந்தன, வழக்கத்தைவிட அதிகமாகவே விரிந்திருந்தன.

"வேண்டாம் பிள்ளை. இப்பதான் சாப்பிட்டு வந்தனான்."

இன்ஷிராவின் கரண்டி சோற்றுக்கு மேலே நின்றது. நிப்றாஸின் பேனாவும் நின்றது. அவள் விரிந்த விரல்களைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"நல்லது ஐயா" என்றாள். கரண்டியைப் பாத்திரத்துக்குள் திரும்ப வைத்தாள்.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்று இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் சாப்பிட்டேன். எனக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்கள், ஒருவர் வெறும் பீங்கானோடும் மற்றவர் நிறைந்த பீங்கானோடும், தொடாமல் இருந்தார்கள். குசினியிலிருந்து யாரோ வெளியே மரக்கறித் தோலைக் கொட்டினார்கள். மான்கள் ஒரு தரம்கூட வேண்டாம் என்று சொல்லாமல் தின்றதை அண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பமும் வந்தது, போனது. அதைப் பற்றி எழுத எனக்கே மனம் வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் நிப்றாஸ் எங்கள் மேசைக்கு வந்தார்.

"சாப்பாடு எப்படி ஐயா?"

"வாசம் நல்லம்" என்றார் அண்ணை.

"பிள்ளை கேட்டாங்களா?"

"கேட்டவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம் எண்டனான்."

"அதுக்குப் பிறகு வற்புறுத்தினாங்களா?"

"இல்லை" என்றார் அண்ணை. ஒரு சொல்லில் அவ்வளவு துக்கத்தை நான் செத்த வீட்டிலும் கேட்டதில்லை.

நிப்றாஸுக்கு முகம் மலர்ந்தது. எல்லோரும் கேட்க, "இதுதான் எங்களுக்கு வேணும். நானும் அந்த அலுமாரியடியில நிண்டு யோசிச்சன், இந்தப் பிள்ளை இப்ப வற்புறுத்தப் போகுது எண்டு. கடைசி மட்டும் செய்யல்ல" என்றார். பிறகு இன்ஷிராவிடம் திரும்பினார். "இந்த முறை இடம் உங்களுக்குத்தான். ஹோட்டலுக்கு வாறீங்களா?"

இன்ஷிராவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் கண்ணால் கண்டேன். பிறகு அவள் வாப்பாவைப் பார்த்தாள், பெரியவர்களைப் பார்த்தாள், பக்கத்து மேசையடியில் நின்ற கீர்த்தனியைப் பார்த்தாள். வளர்த்த வளர்ப்பு வந்து நாக்கில் இருந்துகொண்டது. தலையைக் குனிந்து சொன்னாள்:

"வேணாம் சேர், எனக்கேன். கீர்த்தனிக்குக் குடுங்க, அவ என்னைவிட நல்லாச் செய்வா."

நிப்றாஸின் முகம் விழுந்தது. ஆனாலும் அவர் விதி தெரிந்த மனிதர். சுவரை ஒருமுறை பார்த்து, "சரி, உங்கட முடிவு" என்றார். பேனாவைத் திறந்துகொண்டு கீர்த்தனி நின்ற பக்கம் திரும்பினார்.

கதவடியில் நின்ற ரீச்சரும் சுவரைப் பார்த்தா. விதியை எழுதியவ சுலோஜனா ரீச்சர். எழுதினவ எப்படி அழிப்பா? அபூதாஹிர் திகைத்துப் போய் இருந்தார். மூன்றாவது தரம் கேட்கும்போது சொல்ல வேண்டிய சம்மதத்தை அவர் முகத்தில் ஆயத்தமாக வைத்திருந்தார் போலும், அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இன்ஷிராவின் கண் நிரம்பத் தொடங்கியது. ஒரு பிள்ளையின் சீவியம் இப்படி ஒரு மரியாதையில் போகப் போகிறதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

அப்போது ஒரு கதிரை கிறீச்சிட்டது. என் வீட்டுக் கதிரைதான், ஆனால் அதிலிருந்து எழும்பியவர் பாக்கியரத்தினம் அண்ணை.

"தம்பி, நில்லும். அந்தப் பிள்ளையை இன்னொருக்காக் கேளும்."

"அவங்க வேணாம் எண்டுட்டாங்களே ஐயா."

"நானும்தான் வேண்டாம் எண்டனான். என்னைப் பாரும். எனக்கு வேண்டாமா? விடியத் தொடக்கம் ஒரு தேத்தண்ணியைத் தவிர வயித்திலை ஒண்டுமில்லை."

சபையில் இப்படி ஒரு வாக்குமூலத்தை இந்த இனத்தில் எவரும் அதற்கு முன் கொடுத்ததாக நான் அறியேன். ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டா. அண்ணை நிறுத்தவில்லை.

"நீர் சொல்லுற விதி வெள்ளைக்காரருக்குச் சரி. எங்கட ஆக்கள் முதல் சொல்லுறது மறுமொழி இல்லைத் தம்பி, மரியாதைக்குச் சொல்லுறது. மறுமொழி பிறகுதான் வரும். என்னையும் ஒருக்கா ஒரு பெரிய மனுசன் கேட்டவர். இன்னொருக்காக் கேப்பார் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். பாத்துக்கொண்டிருந்து பாத்துக்கொண்டிருந்து பென்சனும் எடுத்திட்டன்."

அவருடைய வாயால் அந்தக் கதையை மனைவி சொல்கிற குரலில் கேட்டது அன்றைக்குத்தான்.

நிப்றாஸ் பேனாவை மூடினார். ஹோட்டல்காரர்தான், ஆனால் பக்கத்து மூதூரில் பிறந்தவர். எத்தனை வீட்டில் எத்தனை விரலுக்கு நடுவால் சோறு வாங்கியிருப்பார். திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்றார்.

"இன்ஷிரா, இன்னொருக்காக் கேக்கிறன். வாறீங்களா?"

முறைப்படி பார்த்தால் இரண்டாவது வேண்டாம் இனித்தான் வர வேண்டும். அவளுடைய உதடும் அதற்குத்தான் குவிந்தது. மேசைப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. அபூதாஹிர் இருமியதை இந்த முறை சுடுதண்ணி கேட்டதாக எவரும் எடுக்கவில்லை.

"ஓம் சேர்" என்றாள் இன்ஷிரா. "வாறன்."

கீர்த்தனிதான் முதலில் கை தட்டினாள். நானும் தட்டினேன். அபூதாஹிர் ஆறிப்போன சூப்பை ஒரே மூச்சில் குடித்தார்.

இன்ஷிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் சோறும் ஆணமும் வறையுமாக நிறைந்த ஒரு பீங்கான். அதைக் கொண்டுவந்து பாக்கியரத்தினம் அண்ணையின் முன்னால் வைத்தாள். அந்த மனிதர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? அவ்வளவையும் பேசிவிட்டு, கையை உயர்த்தி, "வேண்டாம் பிள்ளை, இனி என்னத்துக்கு, நேரமும் போயிட்டுது" என்றார்.

"சோதினை முடிஞ்சுது ஐயா" என்றாள் அவள், இன்னொரு மீன் துண்டை எடுத்து மேலே வைத்துக்கொண்டே. "இனி உங்கட கதையைக் கேக்க ஏலாது. சாப்பிடுங்க."

அண்ணை ஒரு சொட்டுச் சாப்பிட்டார். குசினியில் சோறு முடிந்தது.

இதை வாசித்துச் சிரித்தீர்கள் என்றால் சந்தோசம். ஆனால் கேலிக்கு ஆள் தேடித் துறைமுகம் வரைக்கும் போக வேண்டியதில்லை. கடைசியாக ஒருவர் உங்களுக்கு ஆசைப்பட்ட ஒன்றை நீட்டியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? எனக்கேன் என்றா? பரவாயில்லை என்றா? சொல்லிவிட்டு, அவர் இன்னொரு தரம் கேட்பார் என்று எவ்வளவு காலம் நின்றீர்கள்? உலகத்தில் முக்கால்வாசிப் பேர் ஒருதரம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள். பாக்கியரத்தினம் அண்ணை மாதிரி ஒருவர் எல்லா மேசையிலும் பசியோடு இருக்கமாட்டார்.

அது கிடக்கட்டும். இவ்வளவு நேரம் வாசித்துக் களைத்திருப்பீர்கள். கேத்தல் அடுப்பில்தான் இருக்கிறது. தேத்தண்ணி குடிக்கிறீர்களா?

வேண்டாமா? நல்லது. கேத்தலை இறக்கிவிட்டேன்.